கறுப்பு பீர்னா ‘கிக்’ அதிகமா? டார்க் லாகரின் ருசியும் 500 வருஷக் கதையும்!

செக் குடியரசின் தலைநகரம் பிராக். அதன் ‘நியூ டவுன்’ பகுதியில் இருக்கும் ஒரு சின்னத் தெருவில், பெரிய கடிகாரம் தொங்கும் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பெயர் ‘உ ஃப்ளெகூ’. உள்ளே நீள நீளமான மர மேசைகள். முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார வேண்டும். மெனு கார்டைப் புரட்டி எந்த பீர் வேண்டும் என்று யோசிக்கும் வேலையெல்லாம் இங்கே கிடையாது. உட்கார்ந்த சற்று நேரத்தில், தட்டு நிறைய கறுப்பு பீர் டம்ளர்களை ஏந்திக்கொண்டு ஒருவர் வருவார். எதுவும் கேட்க மாட்டார். ஒரு டம்ளரை எடுத்து முன்னால் வைப்பார். துண்டுச்சீட்டில் ஒரு கோடு கிழிப்பார். அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

பல தலைமுறைகளாக இந்த இடத்தின் அடையாளமே அந்த ஒரே ஒரு கறுப்பு பீர்தான். ‘டார்க் லாகர்’ வகையைச் சேர்ந்தது. இங்கே பீர் காய்ச்சப்பட்டதற்கான பதிவு 1499-ம் ஆண்டிலேயே இருக்கிறது. 1762-ல் இந்த வீட்டை வாங்கிய யாகூப் ஃப்ளெகோவ்ஸ்கியின் பெயர்தான் இன்றுவரை கடைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1499 முதல் இதே பீரா என்றால், இல்லை. செக் நாட்டில் லாகர் முறை பரவலானது 19-ம் நூற்றாண்டில்தான். ஆனாலும் 500 வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது சாதாரண விஷயமில்லை!

முதல்முறை வருகிற வெளிநாட்டுப் பயணிகள் பலர் அந்தக் கறுப்பு டம்ளரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். “பயங்கர ஸ்ட்ராங்கா இருக்கும் போல...” என்ற தயக்கம்தான். பீர் விஷயத்தில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. கன்னங்கரேலென்று இருக்கும் கின்னஸ் டிராஃப்ட் பீரில் ஆல்கஹால் 4.2 சதவிகிதம்தான். கறுப்பு லாகர்களில் பெரும்பாலானவை 4.5 முதல் 5.5 சதவிகிதத்துக்குள் அடங்கிவிடும். இந்தியக் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று எழுதி விற்கப்படுபவை 5-க்கு மேல் 8 சதவிகிதம் வரை போகும். அவற்றில் பெரும்பாலானவை பொன் நிறம்! ‘டோப்பல்பாக்’, ‘பால்டிக் போர்ட்டர்’ என நிஜமாகவே கடுமையான கறுப்பு வகைகளும் உண்டு. ஆனால், அவற்றின் கடுமைக்குக் காரணம் கூடுதலாகச் சேர்க்கப்படும் தானியம்தான். நிறமல்ல.

அப்படியானால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு அடுப்படியிலேயே விடை இருக்கிறது. ராகியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் ராகி மால்ட். அதே வேலையை பார்லியில் செய்தால் பீருக்கான மால்ட். முளைவிட்ட பார்லியை எவ்வளவு சூட்டில் காயவைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சுமார் 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தினால் வெளிர் மஞ்சள் பீருக்கான மால்ட் கிடைக்கும். 100 டிகிரியைத் தாண்டினால் ‘மியூனிக் மால்ட்’. ரொட்டி சுடும் வாசனையோடு செம்பழுப்பாக இருக்கும். 200 டிகிரிக்கு மேல் காபிக்கொட்டைபோல டிரம்மில் போட்டு வறுத்தால் கறுப்பு மால்ட். இப்படி மால்ட் வறுக்கும் டிரம்முக்கு இங்கிலாந்தின் டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியது 1817-ல். காபி வறுக்கும் இயந்திரத்தைப் பார்த்து உருவான யோசனை அது.

இந்தக் கறுப்பு மால்ட்டை மூட்டை மூட்டையாகக் கொட்டுவதில்லை. மொத்த தானியத்தில் சில சதவிகிதம் சேர்த்தாலே பீர் கறுத்துவிடும். கூடிப்போனால் கருகிய தோசையின் ஓரம்போல நாக்கில் சாம்பல் ருசி நிற்கும். அந்தக் கரகரப்பான கசப்பில் பெரும்பங்கு பார்லியின் உமியிலிருந்து வருகிறது. அதனால், உமியை நீக்கிவிட்டு வறுத்த மால்ட்டையே தயாரித்து விற்கிறார்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்திலிருக்கும் ‘வையர்மேன்’ நிறுவனம் இதற்குப் பேர்போனது. நிறம் இரவுபோல இருக்கும், கசப்பு மட்டும் காணாமல்போயிருக்கும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. செக் நாட்டில் பீரை ‘10 டிகிரி’, ‘12 டிகிரி’, ‘13 டிகிரி’ என்று சொல்வார்கள். உ ஃப்ளெகூ பீர் 13 டிகிரி. “13 சதவிகிதம் ஆல்கஹாலா!” என்று பதறுபவர்கள் உண்டு. பிராக் நகரத்து விஞ்ஞானி கார்ல் பாலிங் வகுத்த அளவு அது. புளிக்கவைப்பதற்கு முன்பு, காய்ச்சிய மால்ட் நீரில் எவ்வளவு சர்க்கரையும் சாரமும் கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண். ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு, 13 டிகிரி பீரில் ஆல்கஹால் 5 சதவிகிதத்தையொட்டித்தான் இருக்கும்.

குளிரில் வளரும் பீர்

கின்னஸும் கறுப்பு, இதுவும் கறுப்பு. பிறகு என்ன வித்தியாசம்? ஈஸ்ட்தான். கின்னஸ் ‘ஏல்’ குடும்பம். 20 டிகிரியையொட்டிய வெதுவெதுப்பில் சில நாள்களில் புளித்துவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தன் பங்குக்குப் பழ வாசனைகளையும் கலந்துவிடும். லாகர் ஈஸ்ட் குளிர்ப்பிராணி. 8 முதல் 12 டிகிரியில் நிதானமாகப் புளிக்கும். அதற்குப் பிறகும் பூஜ்யத்தையொட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். ‘லாகர்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கே கிடங்கு, சேமிப்பு என்றுதான் பொருள். அந்தக் குளிர் உறக்கத்தில் பீர் தெளிந்து, முரட்டு வாசனைகளெல்லாம் அடங்கிவிடும். மிச்சமிருப்பது மால்ட்டின் ருசி மட்டும்தான். தப்பு செய்தால் மறைக்க இடமில்லாத பீர் இது.

இந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் இனம் ஒரு பெற்றோர் என்பது தெரியும். இன்னொரு பெற்றோர் யாரென்று நீண்டகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள். அர்ஜென்டினாவின் பட்டகோனியா காட்டு மரங்களில் அதைக் கண்டுபிடித்ததாக 2011-ல் அறிவித்தார்கள். பவேரியாவின் குகைகளில் பிறந்த பீருக்கு உறவினர் தென் அமெரிக்கக் காட்டில்!

கறுப்பை வீழ்த்திய ஒரு கைத்தடி

இன்றைக்கு ‘பீர்’ என்றதும் மனதில் வரும் நிறம் பொன்மஞ்சள். 200 வருஷங்களுக்கு முன்பு மியூனிக்கில் ஒருவரிடம் கேட்டிருந்தால் ‘செம்பழுப்பு’ என்றிருப்பார். அங்கே தினசரி பீரே ‘டுங்கெல்’தான். டுங்கெல் என்றால் ‘கருமையான’ என்று பொருள். நெருப்பில் நேரடியாகக் காயவைத்த மால்ட் கருத்துத்தான் போகும். மியூனிக்கின் தண்ணீரும் சுண்ணாம்புச்சத்து மிகுந்த கடினநீர். அந்தத் தண்ணீரில் வெளிர் மால்ட் சரியாக வராது. கறுத்த மால்ட்டில் இருக்கும் லேசான அமிலத்தன்மை அதைச் சமன்செய்துவிடும். ஆக, ஊரின் தண்ணீரே பீரின் நிறத்தைத் தீர்மானித்திருந்தது.

1833-ல் மியூனிக்கின் ‘ஸ்பேட்டன்’ பீர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கேப்ரியல் செட்ல்மாயரும், வியன்னாவைச் சேர்ந்த அன்டன் ட்ரெயரும் பிரிட்டனுக்குச் சுற்றுப்பயணம் போனார்கள். இருவரும் இளைஞர்கள். பெயருக்குத்தான் சுற்றுப்பயணம். நிஜத்தில் அது தொழில் உளவு! ஆலை ஆலையாக விருந்தாளிகளாக நுழைந்து, யாரும் பார்க்காதபோது புளித்துக்கொண்டிருக்கும் பீரிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அதற்கென்றே உள்ளே குடைந்து, அடியில் மூடி வைத்த கைத்தடி ஒன்றைப் பயன்படுத்தியதாகப் பதிவு இருக்கிறது. அறைக்குத் திரும்பியதும் மாதிரிகளை அளந்து குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நேரடிப் புகை படாமல், சூட்டைக் கட்டுப்படுத்தி மால்ட் உலர்த்தும் பிரிட்டிஷ் முறையும் இப்படித்தான் ஐரோப்பாவுக்குள் வந்தது.

விளைவு என்ன? 1842-ல் பொஹீமியாவின் பில்சன் நகரில், யோசஃப் க்ரோல் என்ற பவேரியர் அந்த வகை வெளிர் மால்ட், அந்த ஊரின் மென்மையான தண்ணீர், லாகர் ஈஸ்ட் மூன்றையும் சேர்த்துத் தங்க நிற பீர் ஒன்றைக் காய்ச்சினார். அதுதான் ‘பில்ஸ்னர்’. மண் குவளைகள் போய்க் கண்ணாடி டம்ளர்கள் பரவலாகிவந்த காலம் அது. உள்ளே என்ன நிறம் என்பது முதன்முறையாக முக்கியமாகிவிட்டது. பளபளக்கும் தங்கத்துக்கு முன்னால், பழுப்பு பீர் பழைய காலத்துச் சரக்காகத் தெரிந்தது.

மியூனிக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. கடைசியில், 1894-ல் அதே ஸ்பேட்டன் ஆலை ‘ஹெல்லஸ்’ என்ற வெளிர் லாகரைக் கொண்டுவந்தது. உள்ளூரில் என்ன சொல்வார்களோ என்ற பயம்! முதல் பீப்பாய்களைச் சொந்த ஊரில் திறக்காமல் ஹாம்பர்க்குக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே நல்ல பெயர் வாங்கிய பிறகே, 1895-ல் மியூனிக்கில் விற்றார்கள். “நம்ம ஊர் பீர் டுங்கெல்தான், வெளிர் பீர் காய்ச்ச மாட்டோம்” என்று மற்ற பெரிய ஆலை முதலாளிகள் சிலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பு நீடிக்கவில்லை. கைத்தடியோடு போன குடும்பமே தன் ஊரின் கறுப்பு பீருக்குக் குழி தோண்டிய கதை இது. ஒரு கொசுறு தகவல்... கார்ல் வான் லிண்டே 1870-களில் தன் குளிரூட்டும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்ததும் இந்த ஸ்பேட்டன் ஆலையில்தான். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் தாத்தா பீர் ஆலையில் வளர்ந்தவர்!

ஒளிந்து பிழைத்த ருசி

பிறகு வந்த நூற்றாண்டு முழுக்கத் தங்க நிறத்தின் ராஜ்ஜியம்தான். கறுப்பு லாகர் அங்கங்கே ஒளிந்து பிழைத்தது. அதில் ஒரு ஊர், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருக்கும் பாட் கோஸ்ட்ரிட்ஸ். அங்கிருக்கும் ‘கோஸ்ட்ரிட்ஸர்’ ஆலை 1543-ம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. கவிஞர் கதே உடம்பு சரியில்லாத நாள்களில் இந்த பீரைக் குடித்தே தெம்பாக இருந்தார் என்ற கதையை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் அரசுடைமையாகி, இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு 1991-ல் பிட்பர்கர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் பிறகுதான் ‘ஷ்வார்ட்ஸ்பியர்’, அதாவது கறுப்பு பீர், ஜெர்மனி முழுக்க மறுபடியும் எட்டிப்பார்த்தது. உ ஃப்ளெகூவும் இதே பாதையில்தான் வந்தது. 1949-ல் கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டது. 1991-ல் பழைய உரிமையாளர் குடும்பத்துக்கே திரும்பக் கிடைத்தது.

எல்லாருக்கும் மறுவாழ்வு சுலபமாக அமைந்துவிடவில்லை. போலந்து எல்லையையொட்டிய நொய்ட்ஸெல்லே என்ற ஊரின் மடாலய ஆலை, தன் கறுப்பு பீரில் சர்க்கரைப் பாகு சேர்ப்பது வழக்கம். 1516-ம் ஆண்டின் பவேரியச் சட்டத்தை அடியொற்றி வந்த ஜெர்மன் விதிகளின்படி மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. “சர்க்கரை சேர்த்தால் அதை பீர் என்றே அழைக்கக் கூடாது” என்று பிராண்டன்பர்க் மாநில அதிகாரிகள் தடுத்தார்கள். வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. ‘பீர்’ என்ற சொல்லை லேபிளில் எழுதலாம் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பு சொல்லும்வரை போராட்டம்தான். தலைமுறைகளாகக் காய்ச்சும் பானத்தின் பெயரைக் காப்பாற்றவே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது!

எப்படி ருசிக்கிறார்கள்?

கறுப்பு லாகரை ரசிப்பவர்கள் முதலில் செய்வது, டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பது. கறுப்பு என்று நினைத்தது கறுப்பே இல்லை என்பது அப்போது தெரியும். ஓரங்களில் மாதுளை முத்தின் சிவப்பு மின்னும். டுங்கெல் என்றால் செம்பழுப்பு. ஷ்வார்ட்ஸ்பியர் இன்னும் அடர்த்தி. நுரையும் வெள்ளையாக இருக்காது, நல்ல டிகிரி காபியின் நுரைபோல இளம்பழுப்பாக இருக்கும்.

அடுத்தது, சூடு. ஐஸில் புதைத்த பீரில் மால்ட் வாசனை வெளியே வராது. நாக்கும் மரத்துப்போகும். 7 முதல் 10 டிகிரிவரை இருந்தால் சரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம் வந்துவிடும். பாட்டிலோடு குடிப்பவர்களுக்குப் பாதி ருசி நஷ்டம். வாசனைக்கு அகலமான வாய் வேண்டும்.

பிறகு மூக்கு. முதலில் வருவது ரொட்டியின் மேல் தோல். அதற்குப் பின்னால் கருப்பட்டிப் பாகு, வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் கோகோ. இவையெல்லாம் பீரில் கலந்த பொருள்கள் கிடையாது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேரும்போது நடக்கும் ‘மெயார்ட்’ வினையால் உருவாகும் வாசனைகள். 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர் அது. தோசை முறுகுவதும், கறி சுக்காவாகச் சிவப்பதும் இதே வினையால்தான். வறுத்த பன்றிக்கறிக்கும் குலாஷுக்கும் இந்த பீரை ஐரோப்பியர்கள் ஜோடி சேர்த்ததற்குக் காரணம் புரிகிறதல்லவா... தட்டிலும் டம்ளரிலும் ஒரே வாசனை!

முதல் மிடறை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. நாக்கு பழகவே ஒரு மிடறு தேவை. இரண்டாவதில் இனிப்பு தெரியும், மூன்றாவதில் அது எப்படி முடிகிறது என்பது தெரியும். வகைகளைப் பிரிப்பதே இந்த முடிவுதான். டுங்கெல் ரொட்டியின் மென்மையான இனிப்போடு முடியும். ஷ்வார்ட்ஸ்பியர் துடைத்துவிட்டதுபோல வறட்சியாக, லேசான கடுங்காபிக் கசப்போடு முடியும். செக் நாட்டின் ‘த்மவே’ இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் நிற்காத ரகம். ஒரு ஆலையில் பாகுபோல இனிக்கும், இன்னொன்றில் ஹாப்ஸ் கசப்பு தூக்கலாக இருக்கும். ஒரே டம்ளரில் பாதி வெளிர், பாதி கறுப்பு ஊற்றி ‘ரெசானே’ என்று தருவதும் அங்கே சகஜம். செக் நாட்டில் கறுப்பு பீர் இனிப்பு என்பதால் ‘பெண்களின் பீர்’ என்று ஓரங்கட்டும் பழைய வழக்கமும் உண்டு. நாக்குக்கு ஆண் பெண் தெரியுமா என்ன!

கெட்டுப்போன பீரைக் கண்டுபிடிப்பதும் ருசிப்பதில் ஒரு பகுதி. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பழசு, காற்று பட்டுவிட்டது. வெயில் பட்ட பீரில் குமட்டும் நெடி வரும். அதனால்தான் பழுப்பு பாட்டில். பாப்கார்னில் ஊற்றும் வெண்ணெய்போல மணத்தால், ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். செக் பீரில் மட்டும் அது கொஞ்சம் இருந்தால் மன்னிப்பு உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இனிப்பான கறுப்பு பீரை நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துபானமாகச் சொல்லி விற்றார்கள். இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. ‘பாதுகாப்பான அளவு’ என்று ஆல்கஹாலில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நிறம் கறுப்பு என்பதால் சத்து கூடிவிடாது. மால்ட் ருசி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஜெர்மனியிலேயே ‘விட்டாமால்ஸ்’, ‘காராமால்ஸ்’ போன்ற கறுப்பு மால்ட் பானங்கள் இருக்கின்றன. போதை இல்லாததால், அங்கே குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

தொட்டியில் தூங்கும் பணம்

கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பழைய ருசியைக் கையிலெடுத்திருப்பது சின்னச் சின்ன கிராஃப்ட் ஆலைகள். பீர் நடுவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டி நூலில் ‘செக் டார்க் லாகர்’ தனி வகையாக இடம்பிடித்தது 2015-ல்தான். மாசசூசெட்ஸின் ‘நாட்ச்’, நியூ ஹாம்ப்ஷயரின் ‘ஷில்லிங்’ போன்ற ஆலைகள் செக் பாணியில் கறுப்பு லாகர் காய்ச்சுகின்றன. நுரையை அடர்த்தியாக ஊற்றித்தரும் செக் குழாய்களையும் இப்போது அமெரிக்க பார்களில் பார்க்க முடிகிறது.

சின்ன ஆலைக்கு இது லாபக் கணக்கில் உதைக்கும் பீர். ஒரு ஏல் இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியைக் காலிசெய்துவிடும். லாகர் ஆறு வாரம், எட்டு வாரம்கூடப் படுத்துக்கிடக்கும். அத்தனை நாளும் குளிரூட்டும் மின்கட்டணம் ஓடும். அதே தொட்டியில் இரண்டு முறை ஏல் காய்ச்சி விற்றிருக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு டம்ளரைப் பார்த்து, “ஐயோ, கறுப்பா... ரொம்ப ஸ்ட்ராங், வேண்டாம்” என்று வாடிக்கையாளர் தள்ளிவைத்தால் போட்ட காசு அப்படியே நிற்கும். அந்த ஒரு தவறான நம்பிக்கைக்கு விலை கொடுப்பது காய்ச்சியவர்தான். அதனாலேயே பல இடங்களில் வாங்குவதற்கு முன்பு ருசி பார்க்க ஒரு சின்ன டம்ளர் தருகிறார்கள்.

உ ஃப்ளெகூவில் அந்தப் பிரச்னை இல்லை. அங்கே பிரச்னையே வேறு. டம்ளர் காலியானால், கேட்காமலேயே அடுத்தது வந்துவிடும், சீட்டில் இன்னொரு கோடு ஏறிவிடும். போதும் என்பவர்கள், தட்டோடு வருபவர் நெருங்கும்போதே தலையசைத்துச் சொல்லிவிட வேண்டும். அவர் எந்த வருத்தமும் இல்லாமல் கோடுகளை எண்ணிக் கூட்டிச் சொல்வார்.